8 சனிக்கிழமை, 600 ரூபா, ஒரு வேதபாட வகுப்பு: என் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், நான் இதுவரைக்கும் ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும்தான் ரிவ்யூ போட்டிருக்கேன், வேதபாட வகுப்புக்கு எழுதுவேன்னு நெனச்சதே இல்ல. ஆனா காசு கட்டிதானே போனோம், அப்ப நல்லது கெட்டது சொல்றதுல தப்பில்லன்னு தோணுச்சு. எங்க ஊர்ல ஒரு கோயில் (சர்ச்) ஹால்ல நடந்துச்சு, பேரு போடாதீங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க, ஏன்னா 40 சேருக்கு மேல போட எடமில்ல, ஏற்கனவே அடுத்த பேட்ச்சுக்கு ஆள் வரிசைல நிக்குதாம். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஏழரை, 8 வாரம், 600 ரூபா, நோட்ஸும் சுக்கு காப்பியும் அதுலயே அடக்கம். தலைப்பு "தேவ நீதியும் பாவத்தின் பலனும்".

நோட்டீஸ பாத்தப்ப எனக்கு ஒண்ணும் ஆசை வரல. நரகம், அக்கினிக்கடல், கண்ண மூடுங்க, கைய தூக்குங்க, கடைசில காணிக்கைப் பை, இந்த வரிசைதான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் ஏன் போனேன்னா, போன வருஷம் எங்க அண்ணன் கடை எரிஞ்சு போச்சு. ஒயரிங் கோளாறு, சரக்கு பூரா சாம்பல். ஆறுதல் சொல்ல வந்த ஒருத்தர் ஜெபம் முடிச்சு காப்பிய குடிச்சிட்டே "வீட்டுக்குள்ள அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கு, அத மொதல்ல பாருங்க"ன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டிட்டு போயிட்டார். அண்ணன் ஒண்ணும் பேசல. அன்னைல இருந்து கோயிலுக்கு வர்றத நிறுத்திட்டான், அண்ணி மட்டும் புள்ளைங்கள கூட்டிட்டு வருவாங்க. எனக்கு அந்தாளுக்கு பதில் சொல்லணும்னு நெஞ்சுக்குள்ள இருந்துட்டே இருந்துச்சு, ஆனா அவர் வாயத் தொறந்தா வசனமா கொட்டும், நமக்கு சங்கீதம் 23 தாண்டி ஒண்ணும் மனப்பாடம் கிடையாது.

பாடம் எடுத்தது ரிட்டயர்டு குருவானவர் ஒருத்தர், இறையியல் கல்லூரில ரொம்ப வருஷம் எபிரேயம் சொல்லிக் குடுத்தவராம், எழுபது தாண்டியிருக்கும், எல்லாரும் ஐயான்னுதான் கூப்பிடுறோம். குரல் மெல்லிசு. மைக் குடுத்திருந்தாங்க, அது பாதி நேரம் கீச்சுன்னு கத்தும், அத ஆஃப் பண்ணா பக்கத்து கல்யாண மண்டபத்து செண்டை மேளம் உள்ள வரும். ஜெராக்ஸ் நோட்ஸ் எழுத்து எறும்பு சைஸ். இதெல்லாம் மைனஸ்தான், எழுதி வச்சுக்கோங்க.

மொத வாரம் பூரா ஒரே வார்த்தை. ஆவோன். எபிரேயத்துல இதுக்கு அக்கிரமம்னும் அர்த்தம், அதனால வர்ற குற்றப்பழி, தண்டனைன்னும் அர்த்தம். காயீன் தம்பிய கொன்னுட்டு கர்த்தர்ட்ட பேசுற எடம் ஆதியாகமம் 4:13, நம்ம பழைய மொழிபெயர்ப்புல "எனக்கு இட்ட தண்டனை என்னால் சகிக்கமுடியாது"ன்னு இருக்கு, அங்க இருக்கிறது இந்த ஆவோன்தான், "என் அக்கிரமம் சுமக்க முடியாத பாரம்"னும் படிக்கலாமாம். செஞ்சதும் அதால வந்ததும் ஒரே சொல்லு. நம்ம தமிழ்ல இப்படி ஒரு வார்த்த இருக்கான்னு ஐயா கேட்டார், பின் வரிசைல ஒரு தம்பி "வினை"ன்னான். அடடா. எங்க பாட்டி "எல்லாம் உன் வினைடா"ன்னு திட்டும்போது அது நான் செஞ்சதையும் சொல்லும் எனக்கு வந்ததையும் சொல்லும். ஆனா ஐயா ஒடனே பிரேக் போட்டார், வினைன்னா நம்ம பக்கம் போன பிறவி வரைக்கும் கணக்கு போகும், பழைய ஏற்பாட்டுல அந்தக் கணக்கு கிடையாது, சொல்லு ஒண்ணு போல இருக்குன்னு கணக்கையும் கொண்டாந்து ஒட்டிராதீங்கன்னார்.

1955ல கிளாவுஸ் கோஹ்னு ஒரு ஜெர்மன் அறிஞர் இத வச்சுதான் பெரிய வாதமே பண்ணியிருக்கார். பழைய ஏற்பாட்டுல கடவுள் நீதிபதி மாதிரி வெளிய இருந்து தண்டனைய கொண்டாந்து வைக்கிறது கம்மி, விதைக்குள்ளயே விளைச்சல் இருக்கிற மாதிரி செய்கைக்குள்ளயே பலன் இருக்கு, கடவுள் பக்கத்துல நின்னு அத பிரசவம் பாக்குற மருத்துவச்சி மாதிரின்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஐயா அதையும் முழுசா விடல, சங்கீதம் 7ஐ எடுங்கன்னார். 11ஆம் வசனத்துல தேவன் நீதியுள்ள நியாயாதிபதி, அடுத்த வசனத்துல பட்டயத்தத் தீட்டி வில்ல வளைக்கிறார். 15ஆம் வசனத்துல "குழியை வெட்டி, அதை ஆழமாக்கினான், தான் வெட்டின குழியில் தானே விழுந்தான்". அங்க யாரும் தள்ளி விடல. ஒரே பாட்டுக்குள்ள ரெண்டும் இருக்கு, பாடினவனுக்கு அது முரணாவே படல, நமக்குத்தான் எது சரின்னு ஒண்ணுல நிக்கணும்போல இருக்கு.

ரெண்டாவது வாரம் பத்துக் கட்டளை, "பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவராயிருக்கிறேன்". பரம்பரை சாபம் ஒடைக்கிற கூட்டக்காரங்க எல்லாரும் புடிச்சு தொங்குற வசனம். அங்க விசாரிக்கிறதுக்கு இருக்கிற எபிரேய வினைச்சொல் பாக்காத். இதே சொல்லுதான் ஆதியாகமம் 21:1ல கர்த்தர் சாராளுக்கு புள்ள குடுக்க வரும்போதும் வருது, நம்ம ஆளுங்க அங்க "கடாட்சமானார்"னு போட்டிருக்காங்க. எனக்கு வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஒண்ணு ஒறைச்சுது, தமிழ் விசாரிக்கிறதும் அப்படித்தானே, சொந்தக்காரங்க வந்தா நலம் விசாரிப்பாங்க, போலீஸ் வந்தாலும் விசாரிப்பாங்க. மொழிபெயர்த்தவங்க தெரிஞ்சு போட்டாங்களோ தெரியாம போட்டாங்களோ, சூப்பரான வார்த்தை. அடுத்த வசனத்துல ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம்னு வர்றத கூட்டத்துல ஏன் யாரும் படிக்கிறதில்லன்னு ஒரு அக்கா கேட்டாங்க, ஐயா சிரிச்சிட்டு சுக்கு காப்பிக்கு பிரேக் விட்டுட்டார்.

இப்ப தாவீது. ரெண்டு வாரம். இதுக்கு மட்டுமே 600 ரூபா குடுக்கலாம்.

கதை எல்லாருக்கும் தெரியும், ராஜாக்கள் யுத்தத்துக்கு போற காலத்துல தாவீது மட்டும் எருசலேம்ல இருக்கான், படை ரப்பாங்கிற பட்டணத்த முற்றுகை போட்டிருக்கு, இவன் சாயங்காலம் அரமனை மாடில ஒலாத்திட்டு இருக்கும்போது பத்சேபாள பாக்குறான், அவ கர்ப்பம்னு தெரிஞ்சதும் புருஷன் உரியாவ லீவுல வரவழைச்சு வீட்டுக்கு அனுப்ப பாக்குறான், அவன் என் கூட இருக்கிறவங்க வெளில படுத்துக் கெடக்கும்போது நான் மட்டும் வீட்டுக்கு போறதான்னு வாசல்லயே படுத்துக்கிறான். உரியா ஏத்தியன், வெளிநாட்டுக்காரன், அவனுக்கு இருந்த மனசாட்சி ராஜாவுக்கு இல்ல. கடைசில அவன் சாவுக்கான லெட்டர அவன் கையிலயே குடுத்து படைத்தலைவன் யோவாப்கிட்ட அனுப்புறான். இத சண்டே ஸ்கூல்ல கேட்டப்ப நம்ம எல்லாரும் ஒரே பாவமா படிச்சோம். ஐயா ஒவ்வொரு ஆளா நிறுத்தி, இந்த ஆளுக்கு இந்த விஷயம் தெரியும், இவன் இத வச்சு பின்னாடி என்ன பண்ணுவான்னு பாருங்கன்னார்.

நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையோட ஒத்தை ஆட்டுக்குட்டிய ஒரு பணக்காரன் அடிச்சு சமைச்ச கதைய சொல்றார், தாவீது கொதிச்சுப் போய் அவன் நாலத்தனை திருப்பிக் குடுக்கணும்னு தீர்ப்பு சொல்றான். ஏன் நாலு? யாத்திராகமம் 22:1, திருடின ஆட்ட கொன்னாலோ வித்தாலோ நாலு ஆடு, சட்டம் அவ்வளவுதான். லூக்கா 19ல சகேயு நாலத்தனையா தரேன்னு சொல்றதும் இதேதான். அப்புறம் நாத்தான் சொல்றார், "நீயே அந்த மனுஷன்". யூத மரபுல ஒரு கணக்கு இருக்கு, தாவீது அவன் வாயால சொன்ன நாலையும் கட்டினான்னு: பத்சேபாளுக்குப் பொறந்து செத்துப் போன கொழந்தை, மக தாமார், மூத்த மகன் அம்னோன், இன்னொரு மகன் அப்சலோம். ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

இதுல ஐயா காட்டின முக்கியமான விஷயம், 2 சாமுவேல் 13ல இருந்து 20 வரைக்கும் வானத்துல இருந்து எதுவும் விழல. இடி இல்ல, கொள்ளைநோய் இல்ல, தூதன் இல்ல. அப்பன் செஞ்சத புள்ளைங்க செய்றாங்க, அவ்வளவுதான். அப்பன் அடுத்தவன் பொண்டாட்டிய எடுத்தான், மூத்தவன் அம்னோன் தங்கச்சி தாமார கெடுத்தான். அப்பன் ஆள வச்சு கொன்னான், அப்சலோம் ரெண்டு வருஷம் காத்திருந்து ஆட்டுமயிர் கத்தரிக்கிற விருந்துல வேலக்காரங்கள வச்சு அம்னோன கொன்னான். தாமாருக்கு நடந்தத கேட்டப்ப தாவீதுக்கு பயங்கர கோவம்னு 13:21ல இருக்கு, கோவப்பட்டு என்ன பண்ணான்னா ஒண்ணும் பண்ணல. எந்த வாயால தட்டிக் கேப்பான்? மகன் திரும்ப ஒண்ணு கேட்டுட்டா?

அகித்தோப்பேல் கதை எனக்கு புதுசு. தாவீதோட பெரிய ஆலோசனைக்காரன், அப்சலோம் கலகம் பண்ணதும் அந்தப் பக்கம் தாவிட்டான், நான் இதுவரைக்கும் சும்மா துரோகின்னுதான் நெனச்சிருந்தேன். 11:3ல பத்சேபாள் எலியாமின் குமாரத்தி, 23:34ல எலியாம் அகித்தோப்பேலின் குமாரன். அது ஒரே எலியாம்னா அந்தக் கெழவன் பத்சேபாளோட தாத்தா. அவன் அப்சலோமுக்கு குடுத்த ஐடியா என்ன தெரியுமா, அரமனை மாடில கூடாரம் போட்டு ஊரே பாக்க அப்பனோட மறுமனையாட்டிகள்கிட்ட போன்னு. எந்த மாடில ஆரம்பிச்சுதோ அதே மாடி. கடைசில அப்சலோம் மரத்துல தொங்கிட்டு இருக்கும்போது, புள்ளைய ஒண்ணும் பண்ணாதீங்கன்னு ராஜா சொன்னதையும் கேக்காம மூணு வல்லயத்த குத்தினது யாரு, அந்த லெட்டர வாங்கின அதே யோவாப். ராஜா வாயால சொல்றது ஒண்ணு, எழுதி அனுப்புறது ஒண்ணுன்னு அவனுக்கு தெரியும்ல.

மன்னிப்பு? அது 12:13லயே கெடைச்சிருச்சு. பாவஞ்செய்தேன்னு சொன்ன அதே மூச்சுல நாத்தான், கர்த்தர் உன் பாவத்த நீக்கிட்டார், நீ சாக மாட்டேன்னு சொல்றார். பட்டயம் உன் வீட்ட விட்டு விலகாதுங்கிறதும் அதே நாள் அதே வாய்தான் சொன்னது. மன்னிப்பு கெடைச்சா பில்லு கேன்சல்னு நெனக்கிறவங்களுக்கும், கஷ்டம் இன்னும் போகல அப்ப மன்னிப்பு கெடைக்கலன்னு அழுறவங்களுக்கும் இந்த ஒரு அதிகாரம் போதும்.

நாலாவது வாரம் ஒரு வயசான அம்மா, எப்பவும் மொத வரிசை, அதுவரைக்கும் ஒரு வார்த்த பேசாதவங்க, எந்திரிச்சு "ஐயா, அந்த பச்சப்புள்ள என்ன பாவம் பண்ணுச்சு, ஏழாம் நாள் எடுத்துக்கிட்டீகளே"ன்னாங்க. எடுத்துக்கிட்டீகளேன்னு ஐயாவ பாத்தே கேட்டாங்க. ஐயா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், உபாகமம் 24:16ல பிதாக்களுக்காக பிள்ளைகள் கொலைசெய்யப்படவேண்டாம்னு சட்டமே இருக்கு, அமத்சியா ராஜா அவன் அப்பன கொன்னவங்கள கொன்னான், ஆனா அந்தச் சட்டத்த வச்சு அவங்க புள்ளைங்கள விட்டுட்டான், 2 இராஜாக்கள் 14:6, மனுஷனுக்கு போட்ட சட்டம் இது, சட்டம் போட்டவர் ஏன் இப்படின்னு நீங்க கேக்குறது நியாயம், அதுக்கு இந்த அதிகாரத்துல பதில் எழுதலம்மான்னார். நான் ஏதாவது சமாளிப்பார்னு எதிர்பார்த்தேன், பரலோகத்துல பத்திரமா இருக்கும்னு. இல்ல. அந்த அம்மா "சரி, எழுதலன்னு சொன்னீகளே அது போதும்"னு உக்காந்துட்டாங்க.

ஆனா இதே தாவீது பாடத்துலதான் எனக்கு பெரிய குறையும். நாலு ஆடுன்னு கணக்கு சொல்லும்போது அதுல ஒண்ணு தாமார். அந்தப் பொண்ணு எந்தத் தப்பும் பண்ணல, வேண்டாம் அண்ணான்னு கெஞ்சுறா, அப்புறம் சாம்பல தலைல போட்டுட்டு கத்திட்டே போறா, இன்னொரு அண்ணன் அப்சலோம் வீட்ல பாழாய்ப் போய் கெடந்தான்னு ஒரு வரியோட அவ கதை முடிஞ்சுது. அவள அப்பனோட தண்டனைக் கணக்குல ஒரு ஐட்டமா போடலாமான்னு காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு கேட்டுச்சு. நல்ல கேள்வி, நேரமில்ல, அடுத்த வாரம் பாப்போம்னார், அடுத்த வாரம் எசேக்கியேலுக்கு போயிட்டார். பச்சப்புள்ளைக்கு நின்ன மனுஷன் இதுக்கு நிக்கல. ஒரு ஸ்டார் இங்கதான் போச்சு.

எசேக்கியேல் 18 ஒரே வாரம். கி.மு. 597ல பாபிலோனுக்கு புடிச்சுட்டு போன கூட்டத்துல அவரும் ஒருத்தர், கேபார் நதி ஓரம் ஒக்காந்துட்டு ஜனங்க ஒரு பழமொழி சொல்லிட்டு இருக்காங்க, பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. அப்பன் தின்ன புளிங்காய்க்கு நான் ஏன்டா பல்லு கூசணும்னு. இனி அந்தப் பழமொழியே கூடாது, பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்னு எசேக்கியேல் வெட்டி விடுறார். புலம்பல் 5:7ல அதே காலத்து இன்னொரு குரல் "எங்கள் பிதாக்கள் பாவஞ்செய்து மாண்டுபோனார்கள், நாங்கள் அவர்களுடைய அக்கிரமங்களைச் சுமக்கிறோம்"னு அழுது. ரெண்டையும் ஒரே புஸ்தகத்துக்குள்ள விட்டு வச்சிருக்காங்க. எது கரெக்டுன்னு வாட்ஸ்ஆப் குரூப்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை, அட்மின் குட்மார்னிங் படம் போட்டுதான் அடக்கினார்.

ஆறாவது வாரம் யோபு. நான் எதுக்கு போனேனோ அது இங்கதான் இருந்துச்சு. எல்லாத்தையும் எழந்த யோபுவ பாக்க அவர் சிநேகிதங்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூணு பேரும் வந்து ஏழு நாள் வாயத் தொறக்காம கூட ஒக்காந்தது வரைக்கும் தங்கமான மனுஷங்க. அப்புறம் எலிப்பாஸ் ஆரம்பிக்கிறான், 4:8, "நான் கண்டிருக்கிறபடி, அநியாயத்தை உழுது, தீவினையை விதைத்தவர்கள், அதை அறுக்கிறார்கள்". ஐயா அத படிச்சுட்டு அப்படியே கலாத்தியர் 6:7ஐ படிக்கச் சொன்னார், மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான். ரெண்டும் ஒரே பேச்சுதானே? பவுல் சொன்னா நம்ம சுவத்துல ஃபிரேம் போட்டு மாட்டுறோம், எலிப்பாஸ் சொன்னதுக்கு புஸ்தகத்தோட கடைசில கர்த்தரே, என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லைன்னு கோவப்படுறார், ஏழு காளை ஏழு ஆட்டுக்கடா பலி குடுக்கச் சொல்லி, யோபு உங்களுக்காக ஜெபம் பண்ணாதான் ஆச்சுன்னுட்டார்.

என்ன வித்தியாசம்னு ஒவ்வொருத்தரா கேட்டார். ஆளாளுக்கு என்னமோ சொன்னோம். கடைசில வயக்காட்டு அண்ணாச்சி ஒருத்தர், "ஐயா, நான் வருஷா வருஷம் விதைக்கது நெல்லு, அறுக்கதுல பாதி கோரை. என் வயல பாத்து இவன் கோரை விதைச்சான்னு ஒருத்தன் சொன்னா அவன என்ன செய்ய?"ன்னார். ஹால் சிரிச்சுது. ஐயா சிரிக்கல, நோட்ட எடுத்து அத எழுதிக்கிட்டார், நான் பாத்தேன். பவுல் விதைக்கப் போறவன்கிட்ட சொல்றார். எலிப்பாஸ் புள்ளைங்கள பொதைச்சுட்டு சாம்பல்ல ஒக்காந்திருக்கிறவன்கிட்ட சொல்றான், அதுவும் அவன் வயலுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியாம. பில்தாத் இன்னும் ஒரு படி மேல, 8:4ல உன் புள்ளைங்க பாவம் பண்ணிருப்பாங்க அதான்ங்கிறான். எங்க வீட்டு காப்பி டம்ளர் கண்ணு முன்னாடி வந்துட்டு போச்சு.

யோனா சுமார்தான், கேட்டதே திரும்ப. ஒண்ணு மட்டும் புடிச்சுது, நினிவேக்காரங்களோட பொல்லாப்புக்கும் அவங்களுக்கு வரவிருந்த தீங்குக்கும் 3:10ல எபிரேயத்துல ஒரே சொல், ராஆ, அவங்க அத விட்டதும் கர்த்தரும் அத விட்டுட்டார். ஆனா நினிவே கி.மு. 612ல விழுந்துதான் போச்சு, நாகூம் அதப் பாடுறார், இத ஐயா ஏன் சொல்லலன்னு தெரியல, பிரேக்ல நான்தான் கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன்.

கடைசி வாரம் புதிய ஏற்பாடு பூராவும் ரெண்டு மணி நேரத்துல. இது அநியாயம். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மத்தவங்கள விட பாவிகளான்னு இயேசு லூக்கா 13ல கேக்குறதும், பிறவிக் குருடன பாத்து இவன் செஞ்ச பாவமா பெத்தவங்க செஞ்ச பாவமான்னு யோவான் 9ல சீஷர்கள் கேக்குறதும் ஆளுக்கு பத்து நிமிஷம். சிலுவைக்கு கடைசி இருபது நிமிஷம். அன்னைக்கு மண்டபத்துல ரிசப்ஷன் வேற, பாட்டுக் கச்சேரி, பாதி காதுல விழல. 8 வாரத்த 10 வாரமா ஆக்கி 750 வாங்கினாலும் குடுக்கலாம்.

மொத்தத்துல 5க்கு 3.5. பயமுறுத்துவாங்கன்னு நெனச்சு போகாம இருந்துராதீங்க. தீர்வு, ஆசீர்வாதம், உடனடி விடுதலை எதிர்பார்த்தும் போகாதீங்க, ஒரு அண்ணன் ரெண்டாவது வாரமே பரம்பரை சாபத்துக்கு ஜெபம் உண்டான்னு கேட்டு இல்லன்னதும் வரல. ஒத்துவாக்கிய வேதாகமம் (ஒத்துப் போற வசனங்கள காட்டுற பைபிள்) இருந்தா எடுத்துட்டு போங்க, கண்ணாடி மறக்காதீங்க. பைக் நிறுத்த எடமிருக்கு, கார்னா ரோட்டுலதான். சுக்கு காப்பி நல்லாருக்கும், கூட வர்ற முறுக்கு ஒரு வாரம் நமத்துப் போயிருந்துச்சு. அடுத்த பேட்ச் ஆமோஸாம், தேதி சொல்லல.

நோட்ஸ் கேட்டு நாலஞ்சு பேர் ஏற்கனவே மெசேஜ் போட்டிருக்கீங்க. ஸ்கேன் பண்ணி அனுப்புறேன், ஆனா ஆறாவது வாரத்து பக்கம் மட்டும் இப்ப என்கிட்ட இல்ல. டேபிள்ல கெடந்தத அண்ணன் எடுத்துட்டு போயிட்டான், மூணு வாரம் ஆச்சு, நானும் கேக்கல.